குதிரை இருக்க நடந்தவர்

"குதிரையை யாருக்கு வித்தீங்க, அண்ணே?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு மூசாகான் கேட்டான். ஜோல்தோஷ் நடையை நிறுத்தவில்லை.

"விக்கலடா. லாயத்துல புல்லு தின்னுட்டு நிக்குது."

"அப்ப ஏன் நடந்து போறீங்க?"

"சும்மாத்தான்."

சும்மா நடக்கிறாராம். எங்கள் நாரின் ஆற்றங்கரையில் குழந்தை நடக்கப் பழகுவதே குதிரை வரைக்கும் போய்ச் சேரத்தான். ஐம்பது வயது மனிதர், வீட்டில் குதிரையை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தெருவை அளந்தால் ஊர் சும்மா இருக்குமா?

ஜோல்தோஷுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர். இது மனைவி புருலுக்கும் மச்சான் தாலாய்க்கும் மட்டுமே தெரியும். "தினம் நடங்க. வெறும் வயித்துல நடக்காதீங்க. கால்ல புண்ணு வராத மாதிரி மெத்துன்னு ஷூ போடுங்க. தனியாப் போகாதீங்க. கை நடுங்கி வேர்த்தா வாயில போட சர்க்கரைக் கட்டி வெச்சுக்குங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மனிதர் அத்தனையும் ஒழுங்காகச் செய்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

துணி ஷூவைப் பார்த்த ஊர், "தோல் பூட்ஸையும் வித்துட்டார்" என்றது. கூட நடந்த தாலாயைப் பார்த்து, "நிலத்தை வாங்கப் போறவன். சுத்திக் காட்டுறார்" என்றது. போன வாரம் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது, நாலு சர்க்கரைக் கட்டிகள் தெருவில் உருண்டன. "விருந்துக்குப் போற வீட்டுல சர்க்கரையைச் சுடுற நிலைமைக்கு வந்துட்டாரே, பாவம்" என்று மூசாகான் உண்மையாகவே கண் கலங்கினான்.

"ஏங்க, வியாதின்னு சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?" என்றாள் புருல். மகனுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கப் பெண்ணின் தகப்பன் ஷெர்காசி வரப்போகிற நாள் அது. அவள் விடியற்காலையிலிருந்தே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. ரத்தத்துலயே நோய் இருக்கிற குடும்பம்னு அவர் பொண்ணு தரமாட்டார்."

"சொல்லலைன்னா, ஓட்டாண்டிக் குடும்பம்னு தரமாட்டார்."

ஷெர்காசி மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர். ஆட்டு மந்தை, குதிரை மந்தை, கறுப்புக் கார் எல்லாம் உண்டு. ஜோல்தோஷின் மகனோ அவர் பெண்ணைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே தகப்பனுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் சத்தம் கேட்டது. வந்தது சம்பந்தி அல்ல. மூசாகான் தோளில் ஒரு மூட்டையோடு நின்றான்.

"அண்ணே, வெக்கப்படாதீங்க. தெருவுல எல்லாருமாச் சேர்ந்து வாங்கினோம். முழு மூட்டை சர்க்கரை. இனிமே நீங்க யார் வீட்டுலயும் எடுக்க வேண்டாம்."

"அடப் பாவி, மெதுவாப் பேசுடா" என்று ஜோல்தோஷ் பல்லைக் கடித்தார்.

மூசாகானுக்குப் பின்னால் ஷெர்காசி நின்றுகொண்டிருந்தார். கார் சத்தமே கேட்கவில்லை. மனிதர் நடந்து வந்திருந்தார். காலெல்லாம் புழுதி. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக்கூட மனமில்லாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று ஜோல்தோஷுக்குப் புரிந்துபோயிற்று.

ஷெர்காசி உள்ளே வந்தார். ரொட்டியைத் தொடவில்லை. சலாம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தவரின் கை நடுங்கித் தேநீர் விரிப்பில் கொட்டியது.

"கோவத்துல ஆடுறார். எல்லாம் போச்சு" என்று புருல் தம்பி தாலாயின் காதில் முணுமுணுத்தாள்.

ஜோல்தோஷும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் இந்தக் குளிரில் சம்பந்தியின் நெற்றி ஏன் இப்படி வேர்க்கிறது? சட்டென்று எழுந்தவர், பையிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை எடுத்து ஷெர்காசியின் வாயில் போட்டார். புருல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. ஷெர்காசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார்.

"காரைப் பாலத்துக்கிட்ட விட்டுட்டு நடந்தேன், சம்பந்தி. எங்க ஊர்ல நடந்தா மானம் போயிடும். அவசரத்துல சாப்பிடவும் இல்ல, சர்க்கரைக் கட்டி எடுக்கவும் இல்ல."

"அப்ப உங்களுக்கும்..."

"ஆமா, ஊசிதான். வெளிய சொன்னா எம் பொண்ணை யாரும் எடுக்கமாட்டாங்கன்னு மூச்சு விடல. உங்க ஊர்ல ஒருத்தர் குதிரை இருக்க நடக்கிறார், துணி ஷூ போடுறார், துணைக்கு ஆளு, பையில சர்க்கரைன்னு சேதி வந்துச்சு. ஓட்டாண்டி வீட்டுக்குப் பொண்ணைக் கொடுக்காதேன்னு ஊரே தடுத்துது. எனக்குத்தான் உசிரு வந்துச்சு. இந்த வீட்டுல எம் பொண்ணை ரத்தத்துல நோய்னு சொல்லித் திருப்பி அனுப்பமாட்டாங்க."

கல்யாணம் அங்கேயே நிச்சயமாயிற்று. வயிறாரச் சாப்பிட்டு, விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் சம்பந்திகள் இரண்டு பேரும் பையில் கட்டிகளோடு தெருவில் இறங்கி நடந்தார்கள்.

வேலிக்குப் பின்னாலிருந்து மூசாகான் பார்த்தான். பெருமூச்சு விட்டுத் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

"அந்த வீட்டோட சம்பந்தம் பேசி ஒரு பொழுது ஆகல. பாவம், அந்த மனுஷனும் காரை வித்துட்டான். இன்னொரு மூட்டைக்கு வசூல் பண்ணணும்."