மூன்றாவது கேள்வி

கணவன் டெல்மரின் மரணச் சான்றிதழுக்கு, வங்கி வைத்த கெடுப்படி இன்று மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்காவிட்டால், மார்லிஸின் கையை விட்டு வீடு போய்விடும். விண்ணப்பத்தில் நோட்டரி முத்திரை வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அதைச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தே வாங்கிவிடலாம். ஆளை உறுதிசெய்ய முதலில் ஐந்து கேள்விகள் வந்தன. மூன்றாவது கேள்வி, ‘உங்களுடன் இப்போது வசிப்பவர் யார்?’ கீழே இருந்த பெயர்களில் ஒன்று டெல்மர். ‘யாருமில்லை’ என்பதை அழுத்தினாள். தவறு என்று வந்தது.

“இன்னும் ஒரு தடவைதான் மேம். அதுவும் தப்பானா நாளைக்குத்தான்,” என்றாள் திரையில் நோட்டரி கீஷா.

“அவர் செத்து ஆறு வாரமாச்சும்மா. உங்க கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லலையா?”

“நான் சொன்னா அது எங்க கேக்குது!”

மார்லிஸ் டெல்மரின் பெயரை அழுத்தினாள். எல்லாம் சரி என்று வந்தது.

“சட்டப்படி கேக்கணும் மேம். ரூம்ல தனியாத்தானே இருக்கீங்க?”

“ஆமா.”

கீஷா நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப பின்னால நிக்கறவரக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க.”

மார்லிஸ் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் கைப்பிடி மெல்லத் திரும்பியது. டெல்மர் மூடுவதுபோலவே, கதவு அதிராமல் மூடிக்கொண்டது.

“தேங்க்ஸ் மேம். இப்பக் கையெழுத்துப் போடுங்க.”

‘டெல்மர் இறந்துவிட்டார்’ என்ற வரிக்குக் கீழே மார்லிஸின் விரல் நின்றது. ஐந்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.