ஒரே ஒரு சிவப்பு அட்டை

"நான் சாவ மாட்டேன் சார். போன வருசமும் நான்தான் செத்தேன்!"

கன்னியம்மா கறுப்பு அட்டையை வாங்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு அப்பால், யாரும் பயன்படுத்தாத தண்டவாளத்தில் ஒரு பழைய ரயில் பெட்டியைக் கிரேன் வைத்துச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ரயில் கவிழ்ந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒத்திகை. பயணிகளாக நடிக்கக் காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு காண்டிராக்டரின் ஆட்கள் வந்திருந்தார்கள். கழுத்தில் பச்சை அட்டை என்றால் லேசான காயம். சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. ஆம்புலன்சில் ஏற்றி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. கறுப்பு என்றால் பிணம். சாயங்காலம் வரை ஜல்லியில் கிடக்க வேண்டும்.

அட்டை கொடுப்பவன் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் எட்வர்ட்.

"செத்தவங்களுக்கு இன்னா கொறச்சல்? படுத்துக்கினே சம்பளம்," என்றான்.

"அப்ப நீங்க சாவுங்க. எனக்குச் செவப்பு குடுங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் கீது. அது வேற ஆளுக்கு."

பச்சை அட்டையுடன் பக்கத்தில் நின்ற முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இவ பொண்ணு பிரின்சி பெரிய ஆஸ்பத்திரில கீது. தலப்பிரசவம். காலைலேர்ந்து வலி. காண்டிராக்டரு லீவு தரல. அந்த ஆம்புலன்சுல ஏறினாதான் இவ போய்ப் பாக்க முடியும். மனசு எறங்குங்க சார்."

"தெரியும்," என்றான் எட்வர்ட், அட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரிஞ்சுமா? கல்லு நெஞ்சு சார் உங்களுக்கு!"

கன்னியம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செத்துப்போனாள்.

விசில் ஒலித்தது. அலற வேண்டியவர்கள் அலறினார்கள். ஆரஞ்சு உடையில் மீட்புப் படை ஓடிவந்தது. ஜல்லி முதுகைச் சுட்டது. ஸ்ட்ரெச்சர்கள் கன்னியம்மாவைத் தாண்டித் தாண்டிப் போயின. கடைசி ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாரானபோது, ஒரு மீட்புப் படை வீரனின் காலைப் பிணம் பிடித்துக்கொண்டது.

"அய்யோ!" வீரன் துள்ளினான். "யம்மா, நீங்க செத்துட்டீங்க!"

"யாரு சொன்னது? நாடி பாரு நைனா. ஓடுதா, இல்லியா?"

"ஓடுது... ஆனா அட்டை கறுப்பும்மா."

"அட்டை சொன்னா நான் செத்துடுவனா?"

சத்தம் கேட்டு, சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! உயிரோட இருக்கறவங்களுக்குக் கறுப்பு மாட்டியிருக்காங்க. நெஜ விபத்துல இந்தத் தப்புதான் நடக்கும். ஏத்துங்க வண்டியில! யார் இந்த அட்டையைக் குடுத்தது?"

"எட்வர்ட் சாரு!" முந்திக்கொண்டு கத்தினாள் முத்தம்மா.

"கூப்பிடுங்க அந்த ஆளை."

தேடினார்கள். எட்வர்டைக் காணவில்லை.

ஆம்புலன்சின் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் தலை நிறையக் கட்டுடன் ஒருவன் முனகிக்கொண்டிருந்தான். கழுத்தில் சிவப்பு அட்டை. கன்னியம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

எட்வர்ட்.

"வேற ஆளுன்னது இந்த ஆளைத்தானா?" பல்லைக் கடித்தாள்.

"சத்தம் போடாதீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் மயக்கம்."

ஆஸ்பத்திரி வரும்வரை இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்கள்.

ஒத்திகை பெரிய வெற்றி என்று அதிகாரி அறிவித்தார். செத்தவர்கள் சாயங்காலம் எழுந்து, தூசி தட்டி, டீ குடித்துவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை வேலைக்கு வைப்பதே இல்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் காண்டிராக்டர், தன் ஆட்களின் நடிப்பை மெச்சிக்கொண்டே கிளம்பினார். பிரின்சிக்குப் பெண் குழந்தை. கன்னியம்மா பேத்தியை வாங்கி முத்தமிட்டு, பக்கத்தில் தலைக்கட்டை அவிழ்க்கவும் மறந்து நின்றுகொண்டிருந்த எட்வர்டிடம் நீட்டினாள்.

"பாத்துப் புடிங்க, மாப்ள."