மச்சினன் ஊன்றிய கால்

"ஊனிட்டேன்!"

மச்சினன் குரல் கேட்டதும் வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குன்றுப் பாதையில் பாறைகள் தாறுமாறாகக் கிடக்கும் செங்குத்தான இடம். சைக்கிளை மிதித்தே ஏற வேண்டும். யார் காலைத் தரையில் ஊன்றினாலும் எல்லோரும் நிற்க வேண்டும், பிறகு சேர்ந்துதான் கிளம்ப வேண்டும். நாலு பேர் கோஷ்டிக்கு இந்தச் சட்டத்தைப் போட்டதே வக்கீல்தான்.

"வாராவாரம் இதே இடம்தானாடா உனக்கு?"

"வழுக்கிடுச்சு அத்தான்."

"எப்படிடா வழுக்கும்? முன்னாலயும் பின்னாலயும் ஸ்பிரிங். டயர் ஒவ்வொண்ணும் உன் தொடை தண்டி. இந்த வண்டியில ஒரு சிமெண்ட் மூட்டையை உட்கார வெச்சாக்கூட உச்சிக்குப் போயிடும்!"

பின்னால் நின்ற டெய்லரும் ஸ்டூடியோக்காரரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

வக்கீலின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டில் அவரை ஒரு காய்கறிப் பையைக்கூடத் தூக்க விடுவதில்லை. இந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிக் காட்டினால் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம். அதில்தான் சொந்த மச்சினனே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாரம் நீ கடைசியில வா. முன்னால நான் போறேன்."

அடுத்த ஞாயிறு அப்படியே போனார்கள். வக்கீல் பாதி ஏற்றம் ஏறியிருப்பார். முகம் சிவந்து, ஹேண்டில்பார் ஆட ஆரம்பித்தது.

"ஊனிட்டேன்!"

கடைசியிலிருந்து அதே குரல்.

வக்கீல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தார். மூச்சு இரைத்தது. எல்லாம் இவன் மேல் வந்த ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏறத் துப்பில்லாதவனுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய வண்டி? அடியிலிருந்து நீ மட்டும் ஏறு. உன் லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும்!"

"வேணாம் அத்தான்..."

"ஏறுடா! இல்லேன்னா இனிமே எங்ககூட வராதே."

மச்சினன் டெய்லரைப் பார்த்தான். அவர் 'போ' என்பதுபோல் தலையசைத்தார்.

மிதித்தான். குண்டு டயர்கள் ஒவ்வொரு பாறையையும் கவ்விப் பிடித்தன. சீட்டிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. உச்சிவரை போய்த் திரும்பி வந்தான். கால் எங்கேயும் தரையில் படவில்லை.

வக்கீலின் கோபம் இரட்டிப்பானது.

"அப்போ இத்தனை நாளும் வேணும்னேதான் ஊனினியா? என்னைப் பார்த்தா கேணயன் மாதிரி இருக்கா?"

மச்சினன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினான்.

"நடுநடுவுல நின்னு மூச்சு வாங்கிட்டுப் போகணும்னு டாக்டர் உங்ககிட்ட எவ்வளவோ சொன்னார். நீங்க நிக்கறீங்களா அத்தான்? அதான் நான் நிக்கறேன்."