கோட்டுக்குள் சிவப்பு

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுகிறது. என் மனைவியின் கெண்டைக்காலில் உள்ள சிவப்பைச் சுற்றி, டாக்டர் காலையில் நீலப் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். சிவப்பு அதைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். கடித்தது சிலந்தியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார். தெரியாமலே மாத்திரை கொடுக்கிற ஆளை எப்படி நம்புவது? குளியலறைக் கதவுக்குப் பின்னால் நான் பிடித்த சிலந்தி, மேசைமேல் ஜாம் பாட்டிலுக்குள் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருக்கிறது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. “காலைக் காட்டு” என்கிறேன். “இப்பத்தானே பாத்தீங்க. அதென்ன அடுப்புல வச்ச பாலா, பொங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்க? கோட்டுக்குள்ளதான் இருக்கு” என்று புடவையை லேசாகத் தூக்கிக் காட்டுகிறாள்.

குனிகிறேன். கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கோடு கறுப்பாக இருக்கிறது. டாக்டர் போட்ட நீலம், சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகாமல், சிவப்புக்கு நடுவே மங்கலாகத் தெரிகிறது. என் கறுப்புப் பேனா மூடியில்லாமல் தலையணை ஓரம் கிடக்கிறது. “அங்க போய்ப் படுத்தா நான் திரும்பி வரமாட்டேங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நான் கட்டிலுக்கடியில் கைவிட்டு அவள் செருப்பைத் தேடுகிறேன். ஒன்றுதான் அகப்படுகிறது. “இன்னொண்ண எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?”