பட்டிப்பொலையில் ஒரு ரொட்டி

பட்டிப்பொல ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்து, வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி உள்ளே வருகிறது. அம்மா செத்து ஒரு மாதமாகிறது; அப்பாவும் நானும் அப்புத்தளையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இப்போது நான்தான் சமைக்கிறேன். அப்பா எதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சியாகிவிட்டது. நான் கட்டிவந்த ரொட்டியை ஒரு கடி கடித்து மடியில் வைத்திருக்கிறார். "என்ன புள்ள இது, தோட்டத்து லயத்துக் கூரைக்குத் தகரமா அடிக்கலாம் போல" என்கிறார். அவர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் சிங்கள அம்மா தன் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சிவப்பாக அரைத்த ஏதோ ஒன்றை வழித்து அந்த ரொட்டியின் மேல் வைக்கிறாள். "கன்ன, கன்ன" என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மரியாதைக்காக அப்பா கடிக்கிறார். மறுபடியும் கடிக்கிறார். அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியாட்களிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கடைத்தெருவில் காதில் விழுந்த சிங்களத்தை வைத்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு கையை அம்மியாக்கி மறு கையால் அரைத்துக் காட்டுகிறாள். "என்னவாம்?" என்கிறார் அப்பா. "கொச்சி மொளகா, வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடுங்கப்பா. கடைசில தேசிக்கா புழியணுமாம்." "ஒங்கத்த வீட்ல அம்மி இருக்கு" என்றபடி இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டுகிறார். சந்தோஷம் வர வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிகிறது. வரவில்லை. அவள் நீட்டிய இலையில் மிச்சமிருப்பதை வழித்து நானும் நாக்கில் வைக்கிறேன். எரிகிறது.