சாம்பிள் பிளக்

விடிந்தால் தங்கைக்குக் கல்யாணம். சமையலுக்கான அரிசி, காய்கறியோடு பெட்ரோல் மினி லாரி கல்வராயன் மலை மேட்டில் இழுக்காமல் நின்றுவிட்டது. வீரமுத்து இன்ஜினின் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக்கொண்டு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினான்.

கடைக்காரர் நீளமான பிளக்கை எடுத்து வைத்தார். "உன் வண்டிக்கு இதாம்பா."

"இன்னா, வெல ஜாஸ்தியானதத் தள்ளிவுடப் பாக்குறீங்களா? சாம்பிள் கையிலயே இருக்கு. இதே அளவு குடுங்க."

அலைந்து, நாலாவது கடையில் அச்சு அசலாக அதே பிளக்கை வாங்கினான். மலையேறி வந்து மாட்டினான். வண்டி இருமிவிட்டு நின்றது.

வண்டியை விற்ற வேடியப்பனுக்குப் போன் போட்டான்.

"புதுப் பிளக்கு போட்டும் இழுக்கலண்ணே."

"பழைய அளவா வாங்குன? அது எங்க வேன் பிளக்குப்பா, அவசரத்துக்கு மாட்னது. இதுக்கு நீட்டு பிளக்கு. எந்தக் கடையில கேட்டாலும் குடுப்பாங்களே!"

கள்ளக்குறிச்சிக்குப் போகும் கடைசி பஸ் அவனைத் தாண்டி வளைவில் மறைந்தது.