இறங்காத கை

கடல் வழியே வந்தவர்களை விசாரணையின்றித் திருப்பி அனுப்பும் சட்ட வரைவை ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு அனுப்பியிருந்தது. அப்படியொரு நாட்டில் அதைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழுவில் சாந்தரூபியும் இருந்தாள். சிறுவயதில் அவளும் கடல் வழியே வந்தவள்தான். இப்போது அதே வழியில் வந்த அவளுடைய தம்பி எல்லை முகாமில் காத்திருந்தான். குழு கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தச் சட்டத்தை ஒன்றியம் செய்ய வேண்டுமா, நாமே செய்துகொள்ளலாமா? சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்க அங்கே இடமில்லை. கடல் எல்லா நாடுகளுக்கும் பொது. அதனால் ஒன்றியம்தான் செய்ய வேண்டும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. கை தூக்கினாள்.

தலைவர் எண்ணி முடித்ததும் எல்லாக் கைகளும் இறங்கின. அவளுடையது மட்டும் அப்படியே நின்றது.

"உங்களுக்கும் ஒரு வாக்குத்தான் அம்மா," என்றார் தலைவர். அறை சிரித்தது. "ஏதாவது சொல்ல வேண்டுமா?"

சாந்தரூபி தன் கையை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை," என்று மெல்ல இறக்கினாள்.

வெளியே வந்ததும் தம்பி அழைத்தான். முகாமில் கைபேசியில் கூட்டத்தை நேரலையாகப் பார்த்திருக்கிறான்.

"எல்லாரும் இறக்கினாப் பிறகும் நீ கையைத் தூக்கிக்கொண்டு நிண்டாய், என்னக்கா?"

"ஓமடா."

"என்ர பேரைச் சொல்லப்போறாய் எண்டு இஞ்ச எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினன்."